போர்டிகோவில் இரண்டு நாற்காலிகள்

என் வீட்டுக்காரர் கட்டட காண்ட்ராக்டர். திண்டுக்கல்லைச் சுற்றி அவர் போட்ட கூரைகளை விட, அந்தக் கூரைகளுக்கு அடியில் அவர் உட்கார்ந்த கதைதான் பிரபலம். கான்கிரீட் போட்டு இறுகிய பிறகு, அடியில் முட்டுக் கொடுத்த கம்புகளையும் தகடுகளையும் பிரிப்பார்கள் அல்லவா, அந்த நாளில் அறையின் நடுவே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். டீ கேட்பார். "ம், பிரிங்கலே" என்பார். ஆட்கள் சுத்தியலால் முட்டுகளைத் தட்டத் தட்ட, சுற்றிலும் தகடுகள் தடதடவென்று விழும். அவர் பாட்டுக்கு டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருப்பார்.

இது தொடங்கியது தொண்ணூறுகளின் ஆரம்பத்தில், நிலக்கோட்டையில். ஒரு பூ வியாபாரிக்கு வீடு கட்டினோம். எங்களுக்கு அதுதான் முதல் வீடு. பிரிக்கிற அன்று வியாபாரியின் மாமனார் வந்து நின்றுகொண்டு, "சின்னப் பயல நம்பிக் கூரையப் போட்டிருக்கீக. யாரு தலையில எறங்கப் போகுதோ" என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். என் வீட்டுக்காரருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "எறங்குனா என் தலையில எறங்கட்டும்" என்றார். கூரை அசையவில்லை. பூ வண்டி போகிற ஊருக்கெல்லாம் கதையும் சேர்ந்து போனது. அதற்குப் பிறகு வீடு கட்டக் கூப்பிடுகிறவர்கள் சிமென்ட் எது, மணல் எது என்று கேட்பதற்கு முன்னால் "நாற்காலி போடுவீகல்ல?" என்றுதான் கேட்டார்கள்.

நான் அவருக்கு நேர் எதிர். பள்ளிக்கூட டீச்சர் வேலையை விட்டுவிட்டு அவரோடு தொழிலுக்கு வந்தவள். வாசலில் தண்ணீர் தேங்கியிருந்தால் குச்சியை விட்டு ஆழம் பார்த்துவிட்டுத்தான் காலை வைப்பேன். "துணிஞ்சவனுக்குத் துக்கமில்ல" என்று அவர் அடிக்கடி சொல்வார். "துணிஞ்சவனுக்கு இல்ல. துணிஞ்சவன் பொண்டாட்டிக்கு இருக்கு" என்பேன் நான். கலவையில் சிமென்ட் கூட விழ வேண்டும் என்று சண்டை போடுவேன். ஊரெல்லாம் முட்டுகளைப் பிரிக்கிற கெடு வந்தாலும் இன்னும் ஒரு வாரம் போகட்டும் என்பேன். தகடு வாடகைக்குத் தருகிறவருக்கு என்மேல் அலாதிப் பிரியம். என் பயம்தான் அவருடைய நாற்காலியைக் காப்பாற்றுகிறது என்று எனக்கு உள்ளூர ஒரு கர்வமும் இருந்தது. அவர் துணிச்சலால் வேலை வந்தது, என் பயத்தால் கூரை நின்றது. எங்கள் தொழில் அப்படித்தான் ஓடியது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு திண்டுக்கல்லில் ஒரு மோகம் வந்தது. தூண் இல்லாத போர்டிகோ. தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர், எங்கள் சர்ச் பங்கைச் சேர்ந்தவர், புது வீட்டுக்கு அதைத்தான் கேட்டார். வளைகுடாவில் இருந்த மகனின் ஆசையாம். கார் உள்ளே வரும்போது தூண் எதுவும் குறுக்கே நிற்கக் கூடாதாம்.

"ரெண்டு தூண் வச்சா என்ன கொறஞ்சு போகும்?" என்றேன் நான்.

"பண்ணிரலாம் சார்" என்றார் என் வீட்டுக்காரர், என்னைப் பார்க்காமலே.

அன்று முழுவதும் வீட்டில் சண்டை. ஒரு பக்கச் சுவரை மட்டும் பிடித்துக்கொண்டு நீட்டி நிற்கிற கான்கிரீட் அது. அதற்குக் கம்பி மேல்புறமாக ஓட வேண்டும். மேலே இருக்கிற கம்பிதான் அதைச் சுவரோடு இழுத்துப் பிடித்து நிறுத்தும். கடைசியில் என்ஜினியரிடம் வரைபடம் வாங்கி, அதில் இருந்ததை விட அதிகமாகவே கம்பி போடுவதென்று முடிவானது. கம்பியைத் தூக்கி நிறுத்த அடியில் சின்னச் சின்னக் கம்பித் துண்டுகளை வளைத்து வைத்தார்கள். நானே ஏறிப் போய்ப் பார்த்தேன். மனசு ஓரளவு ஆறியது.

கான்கிரீட் போடுகிற அன்று காலையில் பங்குச் சாமியார் வந்து மந்திரித்து, தீர்த்தம் தெளித்தார். தபால் ஆபீஸ்காரர் குடும்பத்தார் ஆளுக்கொரு கை கலவை எடுத்துப் போட்டார்கள். அப்புறம் போட்டோ. தெருவைப் பார்த்திருந்தது போர்டிகோதான் என்பதால் சொந்தபந்தம் அத்தனையும் அதன் மேல் வரிசை கட்டி நின்றது. நடுவில் சாமியார். "காண்ட்ராக்டர் இல்லாம போட்டோவா?" என்று என் வீட்டுக்காரரையும் இழுத்து நிறுத்தினார்கள். கீழே தெருவில் நின்ற எனக்கு அது பார்க்க அழகாகத்தான் இருந்தது. சிறுமலைப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்ததால், போட்டோ முடிந்த கையோடு மிஷினை ஓட்டிக் கலவையைக் கொட்ட ஆரம்பித்துவிட்டார்கள். மத்தியானம் எல்லாருக்கும் பிரியாணி.

நான் கேட்ட வாரத்தையும் சேர்த்துவிட்டுத்தான் பிரித்தோம். ஹாலில் அவர் உட்கார்ந்தார், டீ குடித்தார், எழுந்தார். எல்லாம் வழக்கம் போல. நான் பிரிக்கிற இடத்துக்குப் போகவே மாட்டேன். அன்று மட்டும், தபால் ஆபீஸ்காரரின் மனைவி ஆள் விட்டுக் கூப்பிட்டதால் போயிருந்தேன். அந்த அம்மா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து போர்டிகோவின் அடியில் போட்டார். "இங்கின ஒக்காருங்க. தெருவே பாக்கட்டும்" என்றார்.

நான் என் வீட்டுக்காரர் பக்கத்தில் போய், "இங்க வேண்டாங்க. இது தொங்குறது" என்றேன்.

"நீ கேட்டதுக்கு மேல கம்பி கெடக்கு. என்ன பயம் ஒனக்கு?"

எனக்கு எங்கிருந்துதான் அந்த ஆங்காரம் வந்ததோ. உள்ளே போய் இன்னொரு நாற்காலியைத் தூக்கி வந்து, அவர் நாற்காலியை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தேன். "பயமே இல்லையில்ல? நானும் இருக்கேன்" என்றேன். தெருவில் நின்றவர்கள் சிரித்தார்கள். "டீச்சருக்கும் ஒரு டீ" என்றார் தபால் ஆபீஸ்காரர். என் வீட்டுக்காரரும் சிரித்தார். பிரிக்கிற ஆட்கள் இரண்டு பேர் தெரு ஓரத்திலிருந்து முட்டுகளைத் தட்டிக்கொண்டே உள்பக்கமாக வந்தார்கள். ஒவ்வொரு கம்பாகச் சாய்ந்தது. அவர் முகம் மாறியதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

"நீ எந்திரி" என்றார் மெல்ல.

"நீங்க எந்திரிங்க."

"வெளையாடாத. எந்திரிச்சுப் போ."

"ஒண்ணும் ஆகாதுன்னீங்க?"

சட்டென்று எழுந்தார். என் கையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்துக்கொண்டு வந்தார். அத்தனை பேர் முன்னாலும் எனக்கு அடக்க முடியவில்லை. "என் தலைன்னா ஆகும், ஒங்க தலைன்னா ஆகாதா? கூரைக்கு ஆள் அடையாளம் தெரியுமா?" என்று கத்தினேன். அவரும் பதிலுக்குக் கத்தினார். புருஷன் பெண்டாட்டி சண்டை என்றால் எந்த ஊரில் வேலை ஓடும்? முட்டுகளைத் தட்டிக்கொண்டிருந்த இரண்டு பேரும் சுத்தியலைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வெளியே வந்தார்கள்.

அப்போதுதான் அது நடந்தது. மிச்சமிருந்த முட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக நழுவின. போர்டிகோ சுவரோரத்தில் மடங்கி அப்படியே கீழே வந்தது. சத்தம் எப்படி இருந்தது என்று இன்றுவரை எனக்கு நினைவில்லை. புழுதி முகத்தில் அறைந்ததும், பாதி வாக்கியத்தில் என் வாய் திறந்தபடியே நின்றதும்தான் நினைவிருக்கிறது. புழுதி அடங்கியபோது கான்கிரீட்டுக்கு அடியிலிருந்து ஒரு நாற்காலியின் கால் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. அவருடையதா என்னுடையதா என்று தெரியவில்லை. என் கையை அவர் இன்னும் விடவில்லை. விரல்கள் வலித்தன.

செத்த நேரம் கழித்து, முறிந்த விளிம்பின் பக்கத்தில் அவர் குந்தி உட்கார்ந்து பார்த்தார். "கம்பி அடியில கெடக்கு" என்றார். நான் நம்பவில்லை. என் கண்ணால் பார்த்த கம்பி. மேலே இருந்த கம்பி. பிறகுதான் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. போட்டோ. அத்தனை பேரும் அந்தக் கம்பி மேல்தான் நின்றார்கள். மிதிபட்டுக் கீழே அமுங்கிய கம்பியை நிமிர்த்தாமல், மழைக்குப் பயந்து, அப்படியே கலவையைக் கொட்டியிருக்கிறோம். வழக்கமாகக் கம்பியைச் சரி பார்க்கிறவர் அன்று சாமியார் பக்கத்தில் கை கட்டிப் போஸ் கொடுத்துக்கொண்டிருந்தார். ஆசீர்வாதம் வாங்கிய இடம்தான் முறிந்து விழுந்தது. என் வீட்டுக்காரர் மணல் குவியலில் உட்கார்ந்து நடுங்கினார். அவர் நடுங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

போர்டிகோவை எங்கள் செலவில் மறுபடி கட்டிக் கொடுத்தோம். இரண்டு தூணோடு. நான் கேட்கவில்லை, அவரே சொன்னார். நாங்கள் இரண்டு பேரும் பிழைத்ததற்காகத் தபால் ஆபீஸ்காரரின் மனைவி கோயிலில் பூசை வைத்தார். நானும் முட்டி போட்டு அழுதுகொண்டே நன்றி சொன்னேன். பார்க்கிறவர்களெல்லாம், "ரெண்டு உசிரு, டீச்சர்! ரெண்டு உசிரு!" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்து போனார்கள்.

அடுத்த கூரை வத்தலக்குண்டுப் பக்கம். வழக்கம் போல நாற்காலி கேட்டார்கள். "இனிமே இல்ல" என்றார் அவர். நான் கடையில் நீளமாக, கெட்டியான கயிறு வாங்கி வைத்திருந்தேன். கடைசி முட்டுகளில் கயிற்றைக் கட்டி வெளியே நின்று இழுப்பது என்று ஏற்பாடு. கூரைக்கு அடியில் இனி ஒருத்தரும் நிற்கக் கூடாது. எனக்கே என் யோசனை பெருமையாக இருந்தது.

அன்று திண்டுக்கல்லில் எங்கள் சண்டையை வேடிக்கை பார்க்க வெளியே வந்த இரண்டு பேரில் மூத்தவர் கயிற்றை வாங்கினார். முதல் கூரையிலிருந்து எங்களோடு இருக்கிறவர். எங்கள் கூரை ஒவ்வொன்றின் அடியிலும் நின்று முட்டுகளைத் தட்டியவர். கயிற்றை இழுத்துப் பார்த்தார், கையில் சுற்றிப் பார்த்தார். பிறகு கோபம் ஒன்றுமில்லாமல், சிரித்த முகமாகவே கேட்டார்:

"இந்தக் கயிறு இம்புட்டு வருசமா எங்க இருந்துச்சு, டீச்சர்?"