டிம் இல்லாத வெளிச்சம்

எங்கள் வீட்டில் பயம் பரம்பரைச் சொத்து. அப்பாவிடம் கொஞ்சம், அம்மாவிடம் கொஞ்சம் என்று இருந்ததை இருவரும் சேர்த்து மொத்தமாக எனக்கே எழுதி வைத்துவிட்டார்கள். ஒன்பது வயதில் நான் பயப்படாத பொருள் வீட்டில் ஒன்றும் கிடையாது. குக்கர் விசிலடிப்பதற்கு முன்னால் ஒரு தடவை, அடித்த பிறகு ஒரு தடவை பயப்படுவேன். எல்லாவற்றையும்விடப் பெரிய பயம், இருட்டிய பிறகும் அப்பாவின் கார் வாசலுக்கு வந்து சேராமல் இருப்பது.

அப்பாவுக்கு ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி வியாபாரம். ராஜபாளையத்தைச் சுற்றியுள்ள தறிகளில் வாங்கிச் சேத்தூர், வத்திராயிருப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர் என்று மருந்துக் கடை மருந்துக் கடையாகப் போடுவார். கார் பழசு. பின்சீட்டில் பாதி இடத்தைத் துணிப் பொட்டலங்களே பிடித்துக்கொள்ளும். ஹெட்லைட்டைப் போட்டால் காருக்கு முன்னால் இரண்டு எலுமிச்சம்பழம் தொங்குவது போல இருக்குமே தவிர, ரோடு தெரியாது.

ஒருநாள் சேத்தூரிலிருந்து திரும்பும்போது, ரோட்டில் நின்றிருந்த வைக்கோல் டிராக்டர் அப்பாவின் கண்ணுக்குத் தெரியவில்லை. அதன் பின்னால் சிவப்பு விளக்கும் கிடையாது. கடைசி நொடியில் பிரேக்கை மிதித்து நிறுத்தியிருக்கிறார். வீட்டுக்கு வந்தபோது கண்ணாடி துடைக்கும் வைப்பரில் ஒரு கொத்து வைக்கோல் சொருகியிருந்தது. அம்மா அதை உருவிக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்குச் சாப்பாட்டை அப்பாவே போட்டுக்கொண்டார்.

"ஒண்ணு இருட்டுல வண்டி ஓட்டாதீக. இல்லையா, அந்த லைட்டை மாத்தித் தொலைங்க" என்றாள் அம்மா.

இருட்டில் ஓட்டாமல் அந்த வியாபாரம் நடக்காது. ஆகவே லைட்டை மாற்றுவதென்று முடிவாயிற்று. யார் மேலும் மோதிவிடக் கூடாது என்ற ஒரே காரணத்துக்காக எடுத்த முடிவு அது. இதை நான் இப்போது வலிந்து சொல்லக் காரணம் இருக்கிறது.

மெக்கானிக்கை ஊரே பாய் என்றுதான் கூப்பிடும். நாங்கள் போய்ப் பார்த்த சாயங்காலம் புது லைட் இரண்டையும் மாட்டி, பானட்டைத் திறந்து வைத்திருந்தார். ஸ்விட்சைப் போட்டதும் எதிர்ச் சுவர் வெள்ளை வெளேரென்று ஆயிற்று. அதில் ஒட்டியிருந்த கல்யாண போஸ்டரில் மாப்பிள்ளையின் தாடையில் இருந்த மருகூடத் தெரிந்தது. அப்பா சத்தம் போட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது குறைவு.

"அண்ணாச்சி, பிரைட்டு மட்டுந்தான் குடுத்திருக்கேன். டிம்முக்கு இன்னும் ஒயர் இழுக்கல. நாளைக்குச் சாயங்காலம் வந்து எடுத்துக்கிடுங்க" என்றார் பாய்.

எதிரே வண்டி வந்தால் வெளிச்சத்தைத் தரையைப் பார்த்துத் தணிப்பதற்குத்தான் டிம். அது இல்லாவிட்டால் நம் லைட் எதிராளியின் கண்ணுக்குள்ளேயே போய் இறங்கும். அப்பாவுக்கு அது நன்றாகத் தெரியும். சரியென்று தலையாட்டிவிட்டார்.

அம்மாதான் காலண்டரை மனப்பாடம் செய்து வைத்திருப்பவள். "நாளைக்கு அஷ்டமி. மறுநா நவமி. நல்ல காரியத்தை அதுலயா கொண்டுபோய் வைப்பாக? இன்னைக்கே எடுத்துருவோம். கோயிலுக்குப் போய் ஒரு அர்ச்சனையப் பண்ணிட்டு வந்துட்டா, டிம்மைப் பொறவு பாத்துக்கிடலாம்" என்றாள்.

"டிம்மு இல்லாம ரோட்டுல போகக் கூடாதுக்கா."

"இந்தா இருக்க ஸ்ரீவில்லிபுத்தூருக்குத்தானே பாய்!"

பாய் அப்பாவைப் பார்த்தார். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மாவிடம் தோற்றே பழகிய மனிதர், அன்றைக்கும் தோற்றார்.

போகும்போது வெளிச்சம் இருந்தது. கோயிலில் அர்ச்சனை முடித்து, இரண்டு லைட்டின் கண்ணாடிக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி, ஆளுக்கொரு பால்கோவாவும் தின்று நாங்கள் கிளம்பியபோது நன்றாக இருட்டியிருந்தது. ஊர் எல்லை தாண்டியதும் அப்பா லைட்டைப் போட்டார். புளியமரங்களின் அடியும் நுனியும் தெரிந்தன. மைல்கல்லில் இருந்த எழுத்தைத் தூரத்திலேயே படித்தேன். இனிமேல் ஒரு டிராக்டரும் நம்மிடமிருந்து தப்ப முடியாது என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

அந்த நிம்மதி முதல் லாரி வரைக்கும்தான். எதிரே வந்த அது லைட்டை அணைத்து அணைத்துப் போட்டது. கிட்டே வந்ததும் டிரைவர் தலையை வெளியே நீட்டி அப்பாவின் தாயாரைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டுப் போனார். அப்பாவுக்கு வியர்த்துவிட்டது. அடுத்த வண்டி வந்தபோது அவர் ஒரு காரியம் செய்தார். நம் லைட்டை முழுக்க அணைத்துவிட்டு, வண்டி கடந்ததும் மறுபடி போட்டார். அந்த இரண்டு மூன்று நொடியும் கிணற்றுக்குள் கார் போவது போல இருந்தது.

"ஐயோ, எதுக்கு அணைக்கீக? ஒண்ணும் தெரியலையே!" என்று அம்மா அலறினாள்.

"அணைக்காதீங்கப்பா! அணைக்காதீங்க!" என்று நானும் பின்சீட்டிலிருந்து அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அம்மாவைவிட என் சத்தம்தான் பெரிது.

அதற்கடுத்து வந்தது ஒற்றை விளக்கு. மொபெட். அப்பா அணைக்கவில்லை.

அந்த ஒற்றை விளக்கு ஒரு தடவை இப்படியும் ஒரு தடவை அப்படியும் ஆடியதைப் பார்த்தேன். பிறகு ரோட்டை விட்டு இறங்கி, காணாமல் போயிற்று. சத்தம் எதுவும் கேட்கவில்லை. கார் போய்க்கொண்டே இருந்தது. திரும்பிப் பார்த்தேன். பின்னால் ஒரே இருட்டு.

"மம்சாபுரத்துக்குத் திரும்பியிருப்பான்" என்றாள் அம்மா. அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை.

அப்பா வேகத்தைக் குறைத்தார். நிற்க வேண்டும் என்றும், நின்றுவிடக் கூடாது என்றும் ஒரே நேரத்தில் வேண்டிக்கொண்டேன். கொஞ்ச தூரத்தில் அப்பா ஓரமாக நிறுத்தினார். "ஆண்டவனே" என்றார். காரைத் திருப்பினார்.

தேட வேண்டிய சிரமமே இருக்கவில்லை. எங்கள் லைட் எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்தது. பள்ளத்தில் சாய்ந்து கிடந்த மொபெட், உடைந்த பெட்டி, சிதறிக் கிடந்த சப்பட்டை மாம்பழங்கள், அவற்றுக்கு நடுவில் சட்டையெல்லாம் ரத்தமாக உட்கார்ந்திருந்த ஒரு மனிதர். அப்பாவைவிடக் கொஞ்சம் வயது கூடுதலாக இருக்கும். ஒரு கையால் இன்னொரு கையைத் தாங்கிப் பிடித்திருந்தார்.

"எந்தப் படுபாவியோ அண்ணாச்சி! கண்ணுல ஊசியக் குத்துன மாதிரி லைட்டைப் போட்டுட்டு வந்தான். அவன் வெளங்குவானா? ஏதோ நீங்களாவது நின்னீகளே. நல்லா இருப்பீக" என்றார்.

அப்பா வாயைத் திறந்தார். அம்மா அவருடைய சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தாள். அப்பா வாயை மூடிக்கொண்டார். நான் ஏதோ சொல்ல வந்தேன் போலிருக்கிறது. "ஏட்டி, நீ காருக்குள்ள போ" என்று அம்மா எனக்கும் ஒரு கிள்ளு கிள்ளினாள்.

பின்சீட்டில் வேண்டிய மட்டும் கட்டுத்துணி இருந்தது. ஒரு பொட்டலத்தைப் பிரித்து எடுத்து வந்த அப்பாவுக்குக் கட்டத் தெரியவில்லை. துணியின் அகலம், இழை, எடை எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர் நெற்றியில் சுற்றினால், கட்டு மூக்குக்கு வந்து நின்றது. "இறுக்கிச் சுத்துங்க அண்ணாச்சி, நான் தாங்கிக்கிடுதேன்" என்று அடிபட்டவரே சொல்லிக்கொடுத்தார்.

அவரை முன்சீட்டில் உட்காரவைத்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் திரும்பினோம். "அவன் மட்டும் கையில கெடைச்சான்னா..." என்று அவர் அந்தப் படுபாவியைத் திட்டிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு வசவுக்கும் அப்பாவின் கழுத்து உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரே ஒரு லாரி வந்தது. லைட்டை அணைத்து அணைத்துப் போட்டது. அப்பா நம் லைட்டை முழுக்க அணைத்தார். லாரி போனதும் மறுபடி போட்டார். இந்தத் தடவை அம்மாவும் அலறவில்லை, நானும் அலறவில்லை. அந்த லாரிக்குப் பிறகு அடிபட்டவர் திட்டுவதை நிறுத்திவிட்டார். பாவம், வலி கூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் அப்பா சீட்டு வாங்க ஓடினார். ஆஸ்பத்திரி வாசனை ஆகாத அம்மா வெளியிலேயே நின்றுகொண்டாள். அடிபட்டவருடைய துண்டையும் ஒற்றைச் செருப்பையும் வைத்துக்கொண்டு நான் மட்டும் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நர்ஸ் வந்து, எப்படி அடிபட்டது, எந்த வண்டி என்று கேட்டார். நான் துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அடிபட்டவர் என்னைப் பார்த்தார். பிறகு, "எந்த வண்டியும் இல்ல தாயி. பள்ளம் தெரியாம நானாத்தான் விழுந்தேன்" என்றார்.

இவ்வளவு பெரிய மனிதர் இப்படிப் பொய் சொல்கிறாரே என்று இருந்தது. ஆனாலும் உயிர் வந்தது. அதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் எங்கே போலீஸ் வந்துவிடுமோ என்று பயம். மாவுக்கட்டுப் போட்டு முடிந்து, அவர் மகன் வந்து சேரும் வரை இருந்துவிட்டு, ஏதும் தேவையென்றால் வரும்படி வீட்டு விலாசம் அச்சிட்ட அட்டையைக் கொடுத்துவிட்டு அப்பா கிளம்பினார்.

அஷ்டமி என்றும் பார்க்காமல் மறுநாளே அப்பா பாயிடம் போய்ப் பழைய லைட்டை மாட்டிக்கொண்டு வந்தார். கேட்டவர்களிடமெல்லாம் பேட்டரி தாங்கவில்லை என்றார். அதற்குப் பிறகு ஆறு மணிக்கு மேல் அவர் கார் எடுக்கவே இல்லை. தூரத்துக் கடைகள் ஒவ்வொன்றாக வேறு ஆட்களிடம் போயின. சாயங்காலத்தில் அப்பா வீட்டில் இருக்கிறார் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

அடுத்த மாம்பழ சீசனில் அந்த மனிதர் எங்கள் வீட்டுக்கு வந்தார், ஒரு பை நிறையச் சப்பட்டையோடு. ஜன்னல் வழியாகப் பார்த்த அப்பா, "நான் குளிக்கேன்னு சொல்லு" என்று குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். காலையில்தான் ஒரு தடவை குளித்திருந்தார். அம்மா காபி போடுகிறேன் என்று அடுப்படிக்குப் போனவள் வெளியே வரவில்லை. கடைசியில் விருந்தாளியை வரவேற்க நான்தான் மிஞ்சினேன்.

அவர் காரின் முன்னால் போய் நின்றார். குனிந்து பார்த்தார்.

"பழைய லைட்டே மாட்டிட்டாகளா?"

"பேட்டரி தாங்கலையாம்" என்றேன்.

தலையாட்டிக்கொண்டார். அப்பா வருவார் என்று வாசலிலேயே நின்றார். உள்ளே அப்பா தண்ணீரை மோந்து மோந்து ஊற்றிக்கொண்டே இருந்தார். அது நிற்காது என்று தெரிந்ததும் அவர் செருப்பை மாட்டினார். "அப்பாட்டச் சொல்லு பாப்பா. கை சரியாப் போச்சு. மனசுல எதையும் வச்சுக்கிட வேண்டாம்னு நான் சொன்னேன்னு சொல்லு" என்றார். போய்விட்டார்.

பெரியவர்கள் விடைபெறும்போது இப்படி ஏதாவது நீளமாகச் சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியும். நான் ஒரு மாம்பழத்தை எடுத்துக்கொண்டு குளியலறை வாசலுக்குப் போனேன். "அப்பா, அவுக போயிட்டாக. கை சரியாப் போச்சாம்" என்றேன்.

தண்ணீர் ஊற்றுவது நின்றது.

"வேற ஏதும் சொன்னாரா?"

அதற்குள் நான் பழத்தைக் கடித்திருந்தேன். சாறு முழங்கை வரை ஒழுகியது.

"இல்லப்பா" என்றேன். "அம்புட்டுதான்."

அப்பா மறுபடி தண்ணீரை மோந்து ஊற்ற ஆரம்பித்தார். இந்தப் பெரியவர்களுக்கு ஒரு விஷயத்தைச் சொன்னால் போதாதா, அதற்கு மேலும் என்ன வேண்டியிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு, நான் இரண்டாவது பழத்தை எடுக்கப் போனேன்.