வெளி வளையத்தில் இருபது

"கொட்டாஞ்சேனை வீட்டு அழுத்தமானி. 1946. பின்னாளில் மாமி தந்தது. ஊசி பழுதில்லை." வெள்ளவத்தையில் என் மேசைமீது இருக்கும் பித்தளை மானியின் பின்புறத்தில் நான் ஒட்டிய சீட்டில் இவ்வளவுதான் எழுதியிருக்கிறது. ஆண்டில் ஐயமில்லை. போர் முடிந்திருந்தது, அரிசிக்கு இன்னும் கூப்பன் இருந்தது, நான் எழுதுவினைஞனாக வேலைக்குச் சேர்ந்து மாமியிடம் சாப்பிட்டுக்கொண்டிருந்த வருடம் அது.

மாமா இறந்தபின் மாமி கொழும்பில் உத்தியோகம் பார்த்த யாழ்ப்பாணத்து இளைஞர்களுக்கு அறையும் சாப்பாடும் கொடுத்து வாழ்ந்தார். கொட்டாஞ்சேனையில் மூன்று தட்டு மாடிவீடொன்றின் மேற்பகுதியை அவர் வாடகைக்கு எடுத்திருந்தார். கீழே வீட்டு முதலாளியின் புடைவைக்கடை, நடுவில் அவருடைய குடும்பம், மேற்தட்டில் நாங்கள். எங்களுக்காகவே முதலாளி மேலே குழாய் இழுத்து, சமையலறையான குசினிக்கு மேல் ஒரு தண்ணீர்த் தாங்கியும் வைத்துக் கொடுத்திருந்தார். தாங்கிக்கு ஒரு சொட்டுத் தண்ணீரும் ஏறவில்லை. வாளி சுமந்து அலுத்த போடிங்காரர் மாத முடிவில் வேறு இடம் போவதாகச் சொல்லிவிட்டார்கள். அவர்கள் போனால் மகளின் கொன்வென்ற் படிப்பை நிறுத்திவிட்டு ஊருக்குத் திரும்புவதைத் தவிர மாமிக்கு வேறு வழியில்லை. மகள் அடுத்த வருடம் பெரிய சோதனை எழுதவிருந்தாள்.

முதலாளி கெட்டவரல்லர். துறைமுக ஏலத்தில் எடுத்த இந்த மானியைக் கீழ்க்குழாயில் பொருத்தி, அதை நம்பித்தான் செலவு செய்திருந்தார். மாமி முறையிடும்போதெல்லாம் அதன் கண்ணாடியை விரலால் தட்டுவார்.

"பாருங்க தங்கச்சி, ஊசி இருவதுல ஈக்கி. பதினஞ்சு பவுண்டு ஈந்தா தாங்கிக்கு ஏறும்ண்டு குழாய்க்காரன் சென்னான். ஒங்கட பொடியன்மார் கீழ நிண்டு குளிச்சே தண்ணிய முடிக்கிற."

"ஊசி இருவதில நிக்கட்டும் முதலாளி. தண்ணி எங்க நிக்குதெண்டு பாப்பமே?" என்றார் மாமி.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் செய்ததை நான் கூடவே நின்று பார்த்தேன். கீழ்க்குழாயில் நீண்ட ரப்பர் குழாயொன்றைக் கட்டித் திறந்துவிட்டு, அதன் நுனியைப் பிடித்தபடி படியேறினார். ஏற ஏற ஒழுக்கு மெலிந்தது. மேற்தட்டுக்குச் சற்றுக் கீழே, படி திரும்பும் இடத்தில், நின்றுவிட்டது. நுனியைக் கொஞ்சம் தாழ்த்தினால் ஒழுகியது, உயர்த்தினால் இல்லை. அந்த இடத்தில் சுவரில் சோக்குக்கட்டியால் ஒரு கோடு கீறிவிட்டு, "இதுக்கு மேல உங்கட பவுண்டு ஏறாது" என்று கீழே குரல் கொடுத்தார்.

முதலாளி கடைக்குள் போய்ப் புடைவை அளக்கும் கஜக்கோலோடு வந்தார். கீழ்க்குழாயிலிருந்து சுவரோடு ஒட்டி அளந்துகொண்டே ஏறினார். ஒவ்வொரு கஜத்துக்கும் ஒரு பெருவிரல் கூட்டிக் கொடுப்பவர் என்று அவருடைய கடைக்கு நல்ல பெயர் உண்டு.

"பெருவிரல் விடாதேங்கோ முதலாளி, இது சீத்தைத் துணியில்லை" என்றார் மாமி.

முதலாளி சிரித்துவிட்டார். கோட்டை அடைந்தபோது கணக்கு ஆறு கஜம் இரண்டு அடி.

ஆறு கஜம் பதினெட்டு அடி, மேலே இரண்டு. நான் இறங்கிவந்து, கண்ணாடியைக் கழற்றி, மண்ணெண்ணெய்த் துணியால் மானியின் முகத்தைத் துடைத்தேன். அதில் இரண்டு வளையங்கள் இருந்தன. பச்சைக் களிம்புக்கு அடியில், வெளி வளையத்தின் பெரிய எண்களோடு 'அடி' என்ற ஆங்கிலச் சொல்லும், உள் வளையத்தின் சிறிய எண்களோடு 'பவுண்டு' என்பதும் தெரிந்தன. ஊசி வெளியே இருபதிலும் உள்ளே எட்டரைக்குச் சற்று மேலும் நின்றது. ஓர் அடி உயர நீர் சதுர அங்குலத்தில் அழுத்தும் பாரம் ஒரு பவுண்டில் பாதிகூட இல்லை. பதினைந்து பவுண்டு என்றால் ஏறக்குறைய முப்பத்தைந்து அடி. எங்கள் தெருக்குழாயில் இருந்தது இருபது அடிதான். முதலாளி எண்ணைச் சரியாகத்தான் வாசித்திருந்தார், வளையம்தான் மாறிப்போயிற்று.

அவர் குனிந்து இரண்டு வளையங்களையும் வாசித்தார். பிறகு கடைக்குப் பின்னாலிருந்த சரக்கறையைத் திறந்து காட்டினார். "ஒங்கட குசினிய இங்க கொண்டு வாங்க தங்கச்சி. புடைவக் கட்டுகள மேல ஏத்துவம். புடைவைக்குப் பவுண்டு தேவல்ல."

"பொடியள் படியிறங்கி வந்து சாப்பிடுவாங்களோ?"

"பசிச்சா வருவாங்க."

வந்தார்கள். ஒருவர்கூட வீடு மாறவில்லை. மாமியின் மகள் சோதனை எழுதித் தேறினாள். பின்னர் கடையை விற்றபோது முதலாளி இந்த மானியைக் கழற்றி மாமியிடம் கொடுத்தார்.

இன்று என் வீட்டு நீர்ப்பம்பியில் உள்ள மானி 'பார்' அளவில் காட்டுகிறது. அந்த இருபது அடி இதில் 0.6 பார், என் மகனின் பாடப்புத்தகத்தில் அறுபது கிலோபாஸ்கல். அழுத்தம் ஒன்றேதான். ஆனால் வெறும் எண்ணை மட்டும் யாராவது சொன்னால் எந்த வளையம் என்று கேட்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

பித்தளை மானியின் ஊசி இப்போது இரண்டு வளையங்களிலும் பூச்சியத்தில் நிற்கிறது. ஒரு விடயம் மட்டும் பாக்கி. தன் கடைசிக் காலத்தில் மாமி சொன்னார்: "அண்டைக்கு முதலாளி கடைசிக் கஜத்தில பெருவிரல் விட்டவர், தம்பி. நான் கண்டனான்." அப்படியானால் கோடு இருபது அடியையும் சிறிது தாண்டியிருந்தது. வளையம் மாறியது அப்போதே விளங்கி, கணக்கு ஊசி காட்டிய இருபதோடு பொருந்தட்டும் என்று முதலாளி விட்டுக்கொடுத்தாரா, அல்லது கடைக்காரரின் கை தன் பழக்கத்தில் நகர்ந்ததா? சுவருக்கு அதன்பின் பலமுறை சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள், கோடும் இல்லை. இதை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை.