நாலு விரல் சிக்கரி

காபித்தூள் வியாபாரத்துக்கு மூக்கு நன்றாக இருந்தால் போதும் என்று நினைத்துத்தான் இறங்கினேன். இறங்கிய பிறகுதான் தெரிந்தது, மூக்கு சுமாராக இருந்தாலும் பரவாயில்லை, வாயை மூடத் தெரியணும் என்று. கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று பிழைத்தவர்கள் யாராக இருந்தாலும், மளிகைக்கடையோ மருந்துக்கடையோ, நான் சொல்வது உங்களுக்குப் புரியும். நம் எல்லோரையும் ஒரே டிரம்மில் போட்டுத்தான் வறுத்தெடுத்திருக்கிறார்கள்.

எங்கள் வீட்டுக்காரர் சவரிமுத்து அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் ஓட்டியவர். எண்பதுகளின் நடுவில் கம்பெனியை இழுத்து மூடியதும், கையில் கிடைத்ததை வைத்து ஸ்டேஷன் பக்கம் ஒரு கடை பிடித்தார். பின்கட்டில் வறுக்கிற டிரம்மோடு அவர், முன்னால் அரைக்கிற மிஷினோடு நான். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி சனங்களுக்கு நல்ல காபி என்றால் என்னவென்று காட்டிவிட வேண்டும், அதுதான் அவருக்கு ஆசை. சனங்களுக்கு அப்படி ஒரு ஆசை இருக்கிறதா என்று அவர் யாரையும் கேட்கவில்லை, மகராசன்.

கலர் எங்கே?

முதல் மாதம் சுத்தமான காபி மட்டும்தான் விற்றோம். பாதி பீபெரிக் கொட்டை, பாதி பிளாண்டேஷன் கொட்டை. வருகிறவர்களிடமெல்லாம் இவர் கொட்டையைக் கையில் எடுத்து வைத்துப் பாடம் நடத்துவார். மற்றப் பழத்தில் இரண்டு கொட்டை தட்டையாக இருக்கும், பீபெரிப் பழத்தில் ஒரே கொட்டை, உருண்டையாக இருக்கும், அதனால் டிரம்மில் உருண்டு உருண்டு எல்லாப் பக்கமும் ஒரே பதமாக வறுபடும், இன்றைக்கு வறுத்ததை இன்றைக்கே அரைத்தால் அந்த வாசனையே தனி என்று சொல்லிக்கொண்டே போவார். பஸ்ஸை விட்டுவிட்டு நின்று கேட்டவர்களும் உண்டு.

குமணன்சாவடியில் டீக்கடை வைத்திருந்த மாணிக்கம் அரைக் கிலோ வாங்கிப் போய், மறுநாளே மிச்சத்தோடு திரும்பி வந்துவிட்டார். கலப்பில்லாத தூளில் டிகாக்ஷன் கடகடவென்று இறங்கிவிடும், செம்பழுப்பாகத்தான் இருக்கும். கன்னங்கரேலென்று கெட்டியாக வேண்டுமென்றால் சிக்கரி சேர்க்கணும். சிக்கரி என்பது ஒரு வேர், அதையும் வறுத்து அரைப்பார்கள், காபிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. இதையெல்லாம் இவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். மாணிக்கம் அதைவிடப் பொறுமையாகக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "அக்கா, வாசன சோக்காத்தான் கீது. ஆனா வர்றவன் வாசனைய கேக்கல, கலர கேக்கறான். அண்ணாத்தைக்கு நீதான் சொல்லணும்."

விரல் பாஷை

சிக்கரி மூட்டை வந்து இறங்கிய அன்று இவர் மத்தியானம் சாப்பிடவில்லை. அதைத் தொடவும் மாட்டேன் என்று சொல்லிவிட்டார். சரி, நீங்கள் தொட வேண்டாம், குடும்பம் நடக்கணுமே, நான் தொடுகிறேன் என்று கலக்கிற வேலையை நானே எடுத்துக்கொண்டேன்.

இந்த விரல் பாஷையை யார் ஆரம்பித்தார்கள் என்று எனக்கே தெரியாது. சிக்கரி இல்லாமல் யாருக்கும் காபி இறங்காது, சிக்கரி போடச் சொல்லி நாலு பேர் முன்னால் கேட்கவும் யாருக்கும் வாய் வராது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "பீபெரி கால் கிலோ, கலப்பே கூடாது" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்வார்கள். அதே நேரத்தில் கவுண்டர் விளிம்புக்குக் கீழே கை எட்டிப் பார்க்கும். இரண்டு விரல் என்றால் இருபது சதவீதம், மூன்று என்றால் முப்பது. கவரில் அளவை எழுதித்தான் கொடுக்கணும், அது சட்டம். நான் எழுதுவேன். அவர்கள் அந்தப் பக்கத்தை உள்ளே மடித்துப் பையில் வைத்துக்கொள்வார்கள்.

எஸ்டேட்டில் தகடு வெட்டுகிற பிரஸ் ஷாப்பில் வேலை செய்த ஆறுமுகம் மாதாமாதம் மூன்று விரல் காட்டுவார், நானும் முப்பது போட்டுக் கட்டிக் கொடுப்பேன். நாலாவது மாதம் மனுஷன் வந்து, வீட்டில் பெண்சாதி தினமும் காபி தண்ணியாக இருக்கிறதென்று சண்டைக்கு வருகிறாள் என்றார். கேட்டது மூன்றுதானே என்றேன். அவர் கோபப்படவே இல்லை, கையை எடுத்து என் முகத்துக்கு நேராக விரித்தார். "நாலுதாம்மா காட்னேன். ஒண்ணு எஸ்டேட்டு மிஷின்ல போயிகீது."

ஒரே ஒரு தடவை

நான் வாய் தவறியது ஒரே ஒரு தடவைதான். பேங்க் அதிகாரி ஒருத்தர், பெயர் வேண்டாம், ஒருநாள் தன் ஆபீஸ் ஆட்கள் மூன்று பேரோடு வந்தார். கடையில் கூட்டம், கையில் கரண்டி, தலைக்குள் நூறு யோசனை. "சார், வழக்கம்போல நாப்பதா?" என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் வெளுத்துப் போய்விட்டது. அது மாடியில் குடியிருப்பவர்களுக்கு வாங்குவது என்று கூட வந்தவர்களிடம் சொல்லிப் பார்த்தார். அவர் வீட்டுக்கு மாடியே கிடையாது, அது அவர்களுக்கும் தெரியும்.

அதோடு அவர் கடைப் பக்கம் தலைகாட்டவில்லை. அவர் மட்டுமா? அவர் தெருவிலிருந்து வந்துகொண்டிருந்த ஏழெட்டு வீடும் நின்றுபோனது. இன்றைக்கு அவர் குட்டு, நாளைக்கு நம் குட்டு என்று பயந்திருப்பார்கள். இனிமேல் வாயைத் திறக்க மாட்டேன் என்று அந்தோணியார் மேல் ஆணையிட்டேன். இவர் பின்கட்டிலிருந்து எட்டிப் பார்த்து ஒன்றே ஒன்று சொன்னார். "நான் சிக்கரிய கையால தொட மாட்டேங்கறேன். நீ மைக் வெச்சு விக்கற."

டீச்சர்

சரோஜா டீச்சர் சனிக்கிழமை தவறாமல் வருவார். நின்றுபோன ஏழெட்டு வீட்டுக்குப் பதிலாகப் பத்து வீட்டைக் கூட்டி வந்ததும் அவர்தான், அதை மறக்கக் கூடாது. எங்கள் வீட்டுக்காரர் நடத்திய பீபெரிப் பாடத்தை அப்படியே மனப்பாடம் பண்ணி, வரிசையில் நிற்பவர்களுக்குத் திருப்பி நடத்துவார். கேட்கிறவர்கள் கையைக் கட்டிக்கொள்ளாததுதான் பாக்கி.

கவுண்டருக்குக் கீழே அவர் கை வரும். சாக்பீஸ் தூள் படிந்த நாலு விரல், பிசகாமல் நேராக நிற்கும். இவருக்கு அது தெரியாது. பின்கட்டில் அந்தக் குரலைக் கேட்டாலே இவர் முகம் மலர்ந்துவிடும், இந்த ஊரில் காபி தெரிந்த ஒரே ஜீவன் என்பார். டீச்சரும் விட்டுக்கொடுக்காமல் ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டுத்தான் போவார். "சிக்கரி போடற வீட்ல நான் தண்ணிகூடக் குடிக்க மாட்டேன்."

கமலாவுக்கு வந்த சோதனை

கமலா வேப்பம்பட்டிலிருந்து ரயிலேறி வருகிறவள். தலைமுறை தலைமுறையாக விவசாயக் குடும்பம், மகள் தேவி மட்டும் எஸ்டேட்டில் டைப்பிஸ்ட். நல்ல பெண். ஆனால் இரண்டு வரன் கைகூடாமல் போயிருந்தது, இரண்டாவது வந்தவர்கள் கேசரியில் நெய் போதவில்லை என்று சொல்லிவிட்டுப் போனவர்கள். கமலா அதை நினைத்து நினைத்து இளைத்தே போயிருந்தாள்.

அவள் ஒரு வெள்ளிக்கிழமை ஓட்டமாக வந்தாள். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்களாம். பையனின் அம்மாவுக்குக் காபிதான் உயிராம், சிக்கரி பட்டாலே கண்டுபிடித்துவிடுவாராம், தரகர் சொன்னாராம். அதனால் ஒரு பொட்டு கலப்பில்லாமல் இருக்கிறதிலேயே உசத்தியான பீபெரி வேண்டும் என்றாள். யார் என்று கேட்டேன். சரோஜா டீச்சர் என்றாள். கலப்பில்லாத காபியை டீச்சர் ஒரு வாய் குடித்தால் பெண் வீட்டுக்காரர்கள் சிக்கனம் பிடித்துத் தண்ணியாகக் கலந்துவிட்டார்கள் என்பார், மூன்றாவது வரனும் போகும். உண்மையைச் சொன்னால் டீச்சர் மானம் போகும், என் ஆணையும் போகும். இது போதாதென்று இவர் வேறு, டீச்சருக்கா என்று கேட்டுக்கொண்டே அன்று காலை வறுத்த பீபெரியைத் தட்டில் ஏந்திக்கொண்டு வந்து நின்றார்.

டிரம்மில் புகை வருகிறது பாருங்கள் என்று அவரை உள்ளே விரட்டினேன். பீபெரியை அரைத்தேன், சிக்கரியை அளந்தேன், கலந்தேன், கவரில் நாற்பது என்று பெரிதாக எழுதி அவள் முன்னால் வைத்தேன். வாயைத் திறக்கவில்லை. கமலா கவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் தராசைத் துடைக்க ஆரம்பித்தேன். அவள் எழுதிய பக்கத்தை மெதுவாக உள்ளே மடித்துக் கூடையில் வைத்தாள். "எனக்குக் கண்ணு சரியாத் தெரியாது, ஜெசிந்தா."

தீர்ப்பு

ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. என் வீட்டுப் பெண்ணுக்கே வரன் பார்த்த மாதிரி தவித்தேன். கமலாவிடமிருந்தும் ஒரு சேதி இல்லை. மறுவாரம் சனிக்கிழமை டீச்சர் வாசலில் செருப்பைக் கழற்றும்போது கரண்டியைக் கீழே போட்டுவிட்டேன்.

டீச்சர் உட்காரக்கூட இல்லை. பெண் பிடித்துவிட்டதாம், தை மாதம் கல்யாணமாம். பையனுக்குப் பெண்ணைப் பிடித்தது, தனக்கு வீட்டைப் பிடித்தது, இரண்டு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்ததாக வரிசைக்கே அறிவித்தார். பின்கட்டிலிருந்து இவர் ஓடி வந்து கையெடுத்துக் கும்பிட்டார், தன் பீபெரிதான் கல்யாணத்தை முடித்தது என்ற நினைப்பு. கவுண்டருக்குக் கீழே நாலு விரல் வழக்கம்போல வந்து நின்றது. மேலே டீச்சர் சொல்லிக்கொண்டிருந்தார். "ஒரு பொட்டு சிக்கரி இல்ல சார். வளர்ந்த வளர்ப்பு அந்தக் காபியிலயே தெரிஞ்சுது."

ரெண்டு வீட்டுக்கும் நடுவில்

கல்யாணம் முடிந்து மூன்று மாதம் இருக்கும். டீச்சர் மருமகளோடு வந்தார். அன்றைக்கென்று கமலாவும் ரயிலில் வந்து இறங்கினாள். சம்பந்திகள் குசலம் விசாரித்துக்கொண்டார்கள். பிறகு டீச்சர், பீபெரி கலப்பில்லாமல் என்றார். எங்களுக்கும் அதே, சுத்தமாக என்றாள் கமலா. கவுண்டருக்குக் கீழே இந்தக் கோடியில் நாலு விரல், அந்தக் கோடியில் கூடை மறைவில் நாலு விரல். இரண்டையும் பார்க்க முடிந்தது என் ஒருத்தியால் மட்டும்தான் என்று நினைத்தேன். நடுவில் நின்ற தேவியை மறந்துவிட்டேன்.

அவள் இந்தக் கையைப் பார்த்தாள், அந்தக் கையைப் பார்த்தாள். எதுக்கு ரெண்டு பேரும் கையை ஒளிச்சுக்கறீங்க என்றாள். பிறகு என்னிடம், நாற்பது சிக்கரி போட்டு ரெண்டு வீட்டுக்கும் அரை அரைக் கிலோ குடுங்கக்கா, எல்லாரும் அதைத்தானே குடிக்கிறோம் என்று சாதாரணமாகச் சொன்னாள். இவர் பின்கட்டு வாசலில் வந்து நின்று டீச்சரையே பார்த்தார், அழுதுவிடுவாரோ என்று இருந்தது. எனக்குப் பேங்க் அதிகாரி முகம்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது. இந்தப் பெண்ணின் வாழ்க்கை போச்சே, கூடவே பத்து வீடும் போச்சே என்று நின்றேன். டீச்சர் மருமகளைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. கமலா பக்கம் திரும்பி, அப்படியானால் பெண் பார்க்க வந்த அன்றைக்கும் நாற்பதுதானா என்று கேட்டார். கமலா கூடையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "எனக்குக் கண்ணு சரியாத் தெரியாது, சம்பந்தி."

முதலில் சிரித்தது டீச்சர்தான். அவர் சிரித்த பிறகு கடையே சிரித்தது, இவரைத் தவிர. வரிசையின் கடைசியில் நின்ற ஆறுமுகம் இதுதான் சமயம் என்று கையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். "எனுக்கும் நாலு. இதுல எண்ணாதம்மா, வாயாலயே சொல்லிட்டேன்."

ஸ்பெஷல் காபிக்கும் சாதா காபிக்கும் என்ன வித்தியாசம் என்று இன்றைக்கு யாராவது கேட்டால், ஸ்பெஷல் காபி வாயால் கேட்பது, சாதா காபி விரலால் கேட்பது என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியாது.