கொடிக்குக் காவலாக ஒரே ஆள்

ஆன்லைன் துப்பாக்கி விளையாட்டில் எத்தனை வகை ஆட்டம் வைத்தாலும், கூட்டம் கண்டபடி சுடும் ஆட்டத்துக்கே போகிறது. எனக்குப் பிடித்தது எதிரியின் கொடியைத் தூக்கிவரும் ஆட்டம். இன்று மதியம் அதில் நுழைந்தால், ஒரே ஒருவர் கொடியருகே அசையாமல் நிற்கிறார்.

"இன்னா தோஸ்த், தனியா நிக்கிறீங்க?" என்று மைக்கில் கேட்டேன்.

"ஆளே இல்லன்னு காட்டினா எவனும் வரமாட்டான்ணே. அப்புறம் இந்த ஆட்டத்தையே எடுத்துடுவாங்க. நீங்க கொஞ்சம் நில்லுங்க, சாப்ட்டு வர்றேன்."

லாங் பஜாரில் என் காலிக் கடைக்குள் பக்கத்துக் கடைக்காரரை வாடிக்கையாளர் மாதிரி நிறுத்தி வியாபாரம் பிடித்தவன் நான். நின்றேன்.

அவர் வெளியேறி அரை மணியாகிறது. நான் ஒருவன்தான் மிச்சம், ஆனாலும் உள்ளே இரண்டு பேர் என்றே திரை காட்டுகிறது. பின்னால் காலடிச் சத்தம், திரும்பினால் யாருமில்லை.

யாராயிருந்தாலும் சரி, போகச் சொல்லப்போவதில்லை. உங்களில் ஒருவர் வந்தால் மூன்றாகும். வருகிறீர்களா?