தாம்பரத்திலிருந்து ஒரு டிரான்சிஸ்டர் தேடி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், போவதாக இருந்தால் வெள்ளிக்கிழமை கிளம்புங்கள். மற்ற நாட்களில் எலெக்ட்ரானிக் சாமான் விற்கும் ரிச்சி ஸ்ட்ரீட் மட்டும்தான். வெள்ளிக்கிழமை என்றால் திரும்பும் வழியில் பல்லாவரத்துப் பழைய சாமான் சந்தையும் இருக்கும். நான் போனது தொண்ணூறுகளின் தொடக்கத்தில், தாம்பரத்திலிருந்து மீட்டர் கேஜ் மின்ரயில் ஓடிய காலம். கடைகளும் விலைகளும் மாறியிருக்கும். வழி மாறவில்லை.

ஏன் போனேன் என்று சொன்னால்தான் மற்றது புரியும். எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. இரும்புலியூரில் வீடு, தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் டீச்சர் வேலை. அம்மா இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அதற்கப்புறம் வீட்டில் நான் மட்டும்தான். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் என் குரலை நானே கேட்க வேண்டுமென்றால் பல்லியை விரட்ட வேண்டும், அவ்வளவு நிசப்தம். பொழுது போகாமல் புத்தகத்தைப் பார்த்து ரேடியோ கட்ட ஆரம்பித்தேன். அதிலிருந்து ஹாம் ரேடியோவில் போய் விழுந்தேன்.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. தேர்வு எழுதி லைசென்ஸ் வாங்கியவர்கள் வீட்டிலிருந்தபடியே வானொலியில் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளும் பொழுதுபோக்கு இது. ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஒரு கூட்டம் கூடும், அதை 'நெட்' என்போம். நடத்துகிறவர் மதுரைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர். வந்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, மழை பெய்ததா, முழங்கால் வலி தேவலையா என்று விசாரிப்பார். கடைசியில், "வேற யாராச்சும் இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருப்பார். லைசென்ஸ் இல்லாமல் பதில் பேசக் கூடாது; அந்தக் கேள்வி இரண்டு வருடம் என் காதில் விழுந்துகொண்டே இருந்தது. அவர்கள் எல்லோருடைய குரலும் எனக்கு அத்துப்படி. நான் ஒருத்தி இருப்பது அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

ஒருவழியாக லைசென்ஸ் வந்தது. பேசுவதற்கான டிரான்ஸ்மிட்டரும் தனிப் பெட்டியாகக் கட்டி முடித்தேன்; கேட்கிற ரேடியோவுக்கு அறைக்குள்ளேயே வேறு ஒயர். முதல் தடவை பேசப்போகும் ஞாயிறுக்கு முந்தின சாயங்காலம் நல்ல இடி. இடி இடித்தால் ஆன்டெனா ஒயரைப் பெட்டியிலிருந்து கழற்றிவிடுவது எங்கள் வழக்கம். கழற்றினேன். காலையில் திரும்பச் சொருக மறந்தேன். ஆன்டெனா இல்லாமல் பேசினால், வெளியே போக வேண்டிய சக்தி போக இடமில்லாமல் ஆன்டெனாவுக்கு முந்தின கடைசிக் கட்டத்து டிரான்சிஸ்டரைப் பொசுக்கிவிடும். வகுப்பில் இதையெல்லாம் பக்கம் பக்கமாக நடத்துகிறவள் நான்! பெரியவர் கேட்டதும் பட்டனை அழுத்தி, பெயர், ஊர் எல்லாம் சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். "யாரும் இல்ல போல. சரி, முடிச்சுக்குவோம்" என்றார். கருகல் வாசனை அப்புறம்தான் வந்தது. காலியான அறையில் இத்தனை நேரம் சுவரிடம் பேசியிருக்கிறேன். அன்றைக்கு அழுதேன், சொல்வதற்கென்ன.

அடுத்த ஞாயிறுக்குள் வேறு டிரான்சிஸ்டர் போட்டு, ஒரே ஒரு தடவையாவது, "நானும் இருக்கிறேன்" என்று சொல்லிவிட வேண்டும். அதற்காகத்தான் இந்தப் பயணம்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு எட்டரை மணி ரயில் பிடித்தேன். எழும்பூருக்கு இருபத்தைந்து கிலோமீட்டர், முக்கால் மணி நேரம், டிக்கெட் மூன்று ரூபாயோ நாலோ. எழும்பூரில் இறங்கிப் புதுப்பேட்டை வழியாக நடந்தால் ரிச்சி ஸ்ட்ரீட் இரண்டு கிலோமீட்டர். ஆட்டோக்காரர் பதினைந்து ரூபாய் கேட்டார். "மீட்டர் போடுங்க" என்றேன். "மீட்டரெல்லாம் பேஜார் மேடம், நடந்தே போய்க்கோ" என்றார். நடந்தே போனேன். நஷ்டம் ஒன்றுமில்லை, காலுக்கு நல்லதுதான்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் கடைகள் பத்து மணிக்குமேல்தான் ஒழுங்காகத் திறக்கும், சீக்கிரம் போய்ப் பயனில்லை. மாதிரிக்குக் கருகின டிரான்சிஸ்டரைக் கைக்குட்டையில் முடிந்து எடுத்துப் போயிருந்தேன். முதல் கடையில் அதை வாங்கிப் பார்த்தவர், "அண்ணன் அனுப்பிச்சாராம்மா?" என்று கேட்டார். எனக்கு அண்ணன் கிடையாது. விளக்கம் சொல்லச் சோம்பல். "ஆமாங்க" என்றேன். "இந்த நம்பர் வர்றதில்லன்னு அண்ணன் கிட்ட சொல்லிடும்மா."

இரண்டாவது கடையில் சேட் ஒருவர். "ஒரிஜினல் வேணுமா, டூப்ளிகேட் வேணுமா?"

"ஒரிஜினல்."

"ஒரிஜினல் இல்லே."

"அப்புறம் எதுக்குக் கேட்டீங்க?"

"கேக்கணும்லே? வியாபாரம்."

டூப்ளிகேட் என்றால் சின்ன டிரான்சிஸ்டரின் எழுத்தை அழித்துவிட்டுப் பெரியதன் எண்ணை அச்சடித்திருப்பார்கள். போட்ட அன்றே புகையும். ஏழெட்டுக் கடை ஏறி இறங்கினேன். எல்லோருக்கும் ஒரே கேள்விதான், யாருக்கு, யாருக்கு. எனக்கு என்று சொன்னால் என்ன ஆகும் என்று பார்க்க ஓரிடத்தில் சொல்லியும் பார்த்தேன். அவர் எனக்குப் பின்னால் நின்ற ஆளிடம், "சொல்லுங்க சார்" என்றார். வந்த கோபத்துக்கு அளவில்லை.

அடுத்த கடைக்காரர், "வூட்டுக்காரர் மெக்கானிக்கா மேடம்?" என்றதும், "ஆமாம், பயங்கரக் கோபக்காரர்" என்றேன்.

"அப்போ டூப்ளிகேட் குடுத்தா நேரா இங்க வந்துடுவாரு" என்று சிரித்தார். "இது பழைய வயர்லெஸ் செட்டுலதான் கெடைக்கும் மேடம். இன்னிக்கு வெள்ளிக்கிழமைதானே? பல்லாவரம் சந்தையில பாருங்க." இல்லாத கணவருக்குப் பயந்து ஒருவராவது உண்மையைச் சொன்னார்.

எழும்பூர் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து டப்பாவில் கொண்டுபோன எலுமிச்சை சாதத்தைத் தின்றுவிட்டுப் பல்லாவரம் வந்து இறங்கியபோது இரண்டு மணி. சந்தையில் கிடைக்காதது கிடையாது. ஒற்றைச் செருப்பு கூட விற்கும். குடை கொண்டுபோங்கள், நிழல் என்ற பேச்சே இல்லை. ஒரு மணி நேரம் அலைந்த பிறகு, தார்ப்பாயில் பழைய மிக்சிகளுக்கும் டெலிபோன்களுக்கும் நடுவே ஒரு வயர்லெஸ் செட் கிடந்தது. கனமான இரும்புப் பெட்டி, முகப்பில் ஒரு குமிழ் இல்லை. பின்பக்கத்துத் துளை வழியாகப் பார்த்தால் உள்ளே இருட்டு.

"தொறந்து பாக்கலாமா?"

விற்கிற அம்மாளுக்கு என் வயதுதான் இருக்கும். "தொறந்தா யாருக்கா மூடறது? காலைலேர்ந்து அல்லாரும் தொறந்து தொறந்து பாத்துட்டு போய்க்கினே கீறாங்க. வோணும்னா அப்டியே எட்த்துகினு போ. நூறு ரூபா."

"உள்ள ஒண்ணுமே இல்லன்னா?"

"இல்லாங்காட்டி உன் தலையெய்த்து." கொஞ்சம் யோசித்துவிட்டு, "யாருக்குக்கா, புள்ளைக்கா?" என்றாள்.

"ஆமா. டிப்ளமோ படிக்கிறான்."

"அப்டியா! எம்புள்ளையும் பத்தாவது படிக்கிறான். சரி, படிக்கிற புள்ளைக்குன்னு சொல்ற, எம்பத்தஞ்சு குட்த்துட்டு தூக்கு. நல்லா படிக்க சொல்லு, இன்னா?"

"சொல்றேன்" என்றேன். அந்த ஒரு நாளைக்குள் எனக்கு ஓர் அண்ணன், ஒரு கணவன், நன்றாகப் படிக்கிற ஒரு பையன் எல்லோரும் வந்து சேர்ந்துவிட்டார்கள். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு லேடீஸ் கம்பார்ட்மென்டில் உட்கார்ந்து, தாம்பரம் வரைக்கும் அந்தப் பையனுக்கு என்ன பெயர் வைத்திருப்பேன் என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்தேன். அம்மா இருந்தவரை, கேட் சத்தம் கேட்டதுமே, "வந்துட்டியா?" என்பாள். நான் எதிரே வந்து நின்றாலும் கேட்பாள். "இல்ல, இன்னும் வரல, நாளைக்குத்தான் வருவேன்" என்று எரிந்து விழுவேன். இப்போது செருப்பைக் கழற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. விளக்கைப் போட்டுவிட்டு, காபி கூடப் போடாமல் பெட்டியின் திருகுகளைக் கழற்ற உட்கார்ந்தேன். மூன்று திருகு துருப்பிடித்து அடம்பிடித்தன. மூடியைத் தூக்கினால், அலுமினியத் தகட்டில் என் டிரான்சிஸ்டர், சாட்சாத் அதே எண். மீட்டர் வைத்துப் பார்த்தேன். உயிர் இருந்தது.

சனிக்கிழமை பகலில் அதை என் பெட்டியில் ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். ஆன்டெனாவுக்குப் பதில் ஒரு சின்ன பல்பை மாட்டிச் சோதித்தேன். மைக்கில், "ஹலோ" என்றபோதெல்லாம் பல்பு கொஞ்சம் கூடுதலாக எரிந்தது. அதற்காகவே பத்துத் தடவை ஹலோ சொன்னேன்.

ஞாயிறு. சர்ச்சில் ஆராதனை எட்டரை மணிக்கு, நெட் ஏழு மணிக்கு, அதனால் கடவுளுக்கும் எனக்கும் தகராறு இல்லை. ஆன்டெனாவைச் சொருகி, சொருகினதை மூன்று முறை பார்த்தேன். பெரியவர் கேட்டதும் கூப்பிட்டேன். அதே நேரத்தில் இன்னும் இரண்டு பேர் கூப்பிட்டார்கள். அவர்கள் நல்ல பலமான ஸ்டேஷன்கள். என் கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

"எல்லாரும் கொஞ்சம் சும்மா இருங்க" என்றார் பெரியவர். "அடியில யாரோ ரொம்ப மெலிசா கூப்பிடுறாங்க. அவங்க வரட்டும்."

எல்லோரும் நிறுத்திக்கொண்டார்கள். எத்தனை ஊர்க்காரர்கள், அத்தனை பேரும் எனக்காக வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். லைசென்ஸோடு கொடுத்த அழைப்புக் குறி, பெயர், ஊர் சொன்னேன். "பேரு புரியல. தாம்பரம்னு மட்டும் காதுல விழுது. இன்னொரு தடவை சொல்லுங்க, தாம்பரம்" என்றார். சொன்னேன். அதற்குள் எங்கேயோ ஒரு வெளிநாட்டு வானொலி நிலையம் மேலே ஏறி உட்கார்ந்துகொண்டது, அவர் குரலும் அமுங்கிப்போனது. அவ்வளவுதான். சர்ச்சில் பக்கத்தில் நின்ற டீச்சர், "கண்ணு ஏன் இப்படிச் சிவந்திருக்கு?" என்றார். பற்றவைத்த புகை என்றேன்.

போகிறவர்களுக்கு: பழைய பாகத்தை மாதிரிக்கு எடுத்துப் போங்கள், எண்ணை மட்டும் சொன்னால் எதையாவது தலையில் கட்டிவிடுவார்கள். சின்ன திருப்புளி, மீட்டர், குடை, தண்ணீர் அவசியம். ஆசைப்பட்ட பொருளைப் பார்த்ததும் முகத்தில் காட்டாதீர்கள், விலை ஏறும். யாருக்கு என்று கேட்டால் எனக்கு என்றே சொல்லிப் பழகுங்கள். வாங்கி வந்த பிறகு, பட்டனைத் தொடுமுன் ஆன்டெனாவைச் சொருகுங்கள். ஐயோ, சொருகுங்கள்.

அதற்கடுத்த ஞாயிறு நான் காபியும் கையுமாக உட்கார்ந்திருந்தேன், இன்னும் பட்டனைத் தொடக்கூட இல்லை. பெரியவர் நெட்டைத் திறந்தார். வழக்கமான ஆட்களைக் கூப்பிடுவதற்கு முன்னாலேயே, "போன வாரம் தாம்பரத்துலேர்ந்து ஒருத்தங்க மெலிசாக் கேட்டாங்களே" என்றார். "தாம்பரம், வந்துட்டீங்களா?"

அழைப்புக் குறியைத்தான் முதலில் சொல்ல வேண்டும், அது விதி. எனக்கு வாயில் வந்தது வேறு. பட்டனை அழுத்தி, "வந்துட்டேன்" என்றேன்.