நாற்பத்திநாலுக்கு மாலை

என் மனைவி வீடுகளுக்கு வரைபடம் போடுகிறவள். பத்து வருடம் ஓர் ஆபீஸில் அடுத்தவர் பெயரில் வரைந்துகொண்டிருந்துவிட்டு, போன வருடம்தான் வேலையை விட்டாள். மைசூரில், அக்ரஹாரத்து வீட்டின் முன்னறையிலேயே தனியாகத் தொழில் தொடங்கினாள். முதல் வேலை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ரிட்டயரான ஒரு தம்பதியின் வீடு. விஜயதசமி காலை பத்து மணிக்கு அவர்கள் வீட்டில் சொந்தபந்தம் எல்லாம் கூடும். கட்டப்போகிற வீட்டுக்குள் நடந்து போவதுபோல ஒரு படத்தை டி.வி.யில் பார்ப்பார்கள். பிடித்திருந்தால் அன்றைக்கே பூஜை போட்டு வேலை ஆரம்பம். படம் வராவிட்டால், அவர்களுடைய மூத்த மகன் கையில் வேறொரு இன்ஜினியரின் ப்ளான் சுருட்டித் தயாராக இருந்தது.

படம் ஒன்றரை நிமிடம்தான். ஆனால் அந்த ஒன்றரை நிமிடத்துக்கு இரண்டாயிரத்து நூற்று அறுபது தனித்தனிப் படங்கள் வேண்டும். ஜன்னலில் வரும் வெயில் எந்தச் சுவரில் பட்டு எங்கே தெறிக்கிறது என்று கம்ப்யூட்டர் ஒவ்வொன்றுக்கும் கணக்குப் போட வேண்டும். ஒரு படத்துக்கு எழுபத்தைந்து விநாடி.

"மொத்தம் நாப்பத்தஞ்சு மணி நேரம்," என்றாள். "கடைசி மாத்தம் எல்லாம் முடிச்சு ஓட விடறப்போ ஆயுத பூஜைக்கு மொத நாள் சாயங்காலம் நாலு ஆயிடும். அங்கேர்ந்து பாத்தா, விஜயதசமி காலைல கெளம்பறதுக்கு நாப்பது மணி நேரம்தான் கையில இருக்கு."

அவள் கவலையாகச் சொன்னாள். எனக்கோ கை துறுதுறுத்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம்.

எனக்கு சாமராஜநகரில் ஆபீஸ். தினமும் போக வர பஸ்ஸில் உட்கார்ந்து நான் படித்துக்கொண்டிருந்ததெல்லாம் ஒரே விஷயம்தான்: ப்ராசஸரை, செய்த கம்பெனி குறித்த வேகத்துக்கு மேலே ஓட்டுவது எப்படி. அந்தக் கம்ப்யூட்டர் வாங்கும்போதே, வேகத்தை மாற்ற இடம் கொடுக்கிற ப்ராசஸராகப் பார்த்து அடம்பிடித்து வாங்கியவன் நான். வாங்கிய அன்றே "என் மெஷின்ல கை வைக்காதீங்க" என்று அவள் சட்டம் போட்டுவிட்டாள். இரண்டு வருடம் தொட்டதில்லை. கறிசோறு வாசம் மட்டும் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றவன் நிலைமைதான் எனக்கு.

இப்போது அவளே, "ஏதோ ஏத்தலாம்னு சொல்வீங்களே, முடியுமா?" என்றாள்.

விஷயம் இதுதான். ப்ராசஸருக்கு ஒரு பெருக்கும் எண் உண்டு. எங்களுடையது முப்பத்தாறில் ஓடிக்கொண்டிருந்தது. அதை ஏற்றினால் வேகம் கூடும். வேகத்துக்குத் தக்கபடி மின்சாரமும் கொஞ்சம் கூட்டிக் கொடுக்க வேண்டும், கொடுத்தால் சூடு ஏறும். நூறு டிகிரியைத் தொட்டால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அதுவே முடங்கிவிடும். அதற்கு முன்பே கணக்குத் தப்பி, திரை அப்படியே உறைந்து நிற்பதும் உண்டு. ஆக வேகத்தை ஏற்றுவது பாதி வேலைதான், ஏற்றிய இடத்தில் சூடாகாமல் நிறுத்துவது மீதி.

பூஜைக்கு ஒரு வாரம் முன்பு, ஞாயிற்றுக்கிழமை காலையில் கேபினெட்டின் பக்கக் கதவைக் கழற்றினேன். பழைய குட்டி ஃபேனை எடுத்தால், அடியில் சூட்டைக் கடத்துவதற்காக இருந்த பசை சுண்ணாம்பாய் உதிர்ந்தது. துடைத்துவிட்டு ஒரு துவரம்பருப்பு அளவு புதுப் பசை வைத்து, புதிதாக வாங்கிய பெரிய கூலரை ப்ராசஸர் மேல் உட்கார வைத்தேன். செங்கல் உயரத்துக்குத் தகடு தகடாக, முன்னால் அகலமான ஃபேனோடு ஜம்மென்று இருந்தது. வெளியே மழை பிடித்திருந்தது. ஜன்னலைத் திறந்து வைத்தேன். அந்தக் குளிர்காற்று எனக்காகவே வருவதாக நினைத்துக்கொண்டேன்.

நாற்பது வைத்தேன். அதன் முழு பலத்தையும் பிழிகிற சோதனையை ஓட்டினேன். அறுபத்திமூன்று டிகிரி. "புள்ள, அறுபத்திமூணு," என்று சமையலறைக்குக் கேட்கும்படி கத்தினேன். நான் ஹனூர்ப் பக்கத்துக்காரன், எங்களுக்கு மெதுவாகப் பேச வராது. நாற்பத்திரண்டுக்கு எழுபத்திமூன்று. அதையும் கத்தினேன். நாற்பத்திமூன்றில் திரை நீலமாகிச் செத்தது. மின்சாரத்தை ஒரு நூல் கூட்டினேன், பிழைத்துக்கொண்டது, எண்பது. சாப்பிடக்கூட எழவில்லை. நாற்பத்திநாலு வைத்தேன். இருபது நிமிடத்தில் விழுந்தது. இன்னொரு நூல் கூட்டினேன். ஒரு மணி நேரம் நின்றது.

"எண்பத்தெட்டு. நாப்பத்திநாலுல நிக்குது புள்ள."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். "நூறுல ஆஃப் ஆயிடும்னு நீங்கதானே சொன்னீங்க. அப்ப பன்னெண்டுதான் மிச்சம் இருக்கு."

"பன்னெண்டு போதுமே."

"சும்மனே பெருமை அடிக்காதீங்க," என்றாள். கோபம் வந்தால் கன்னடம் கலந்துவிடும் அவளுக்கு. ஆனால் ஒரு படத்துக்கு அறுபத்தோரு விநாடி என்று பார்த்ததும் சிரித்துவிட்டாள். நாற்பத்தைந்து மணி நேரம் முப்பத்தேழுக்குள் வந்திருந்தது.

சொன்னபடி முதல் நாள் சாயங்காலம் நாலு மணிக்கு ஓட விட்டாள். மறுநாள் ஆயுத பூஜை. அன்றைக்குத் தொழில் செய்யும் பொருள் எதையும் தொடக்கூடாது, துடைத்துப் பொட்டு வைத்து ஓய்வு கொடுக்க வேண்டும். அவளுடைய ஸ்கேல், காம்பஸ், வரைபலகை, என் பைக் சாவி எல்லாம் வரிசையாக மணை மேல் உட்கார்ந்திருந்தன. கம்ப்யூட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"ஓடறதுக்குப் பூஜை பண்றது மனசுக்கு ஒப்பல," என்றாள். "சந்தனமும் குங்குமமும் மட்டும் வெச்சுடறேன். சாமி மன்னிக்கட்டும்."

அதோடு விட்டிருக்கலாம். நான்தான் காலையிலேயே மார்க்கெட்டுக்குப் போய் நாலு முழம் செவ்வந்தி வாங்கி வந்திருந்தேன். பஜாரிலேயே தடித்த மாலை. நாற்பத்திநாலில் பத்தொன்பது மணி நேரம் விழாமல் நின்ற வீரனுக்கு மாலை இல்லாமலா? கேபினெட்டின் தலையில் போட்டு இரண்டு பக்கமும் தொங்க விட்டேன். பக்கக் கதவு கழற்றியபடியே இருந்தது. காற்றுக்காக என்று சொல்லிக்கொண்டேன், உண்மையில் வருகிறவர்கள் கண்ணில் அந்தக் கூலர் பட வேண்டும் என்பதற்காக. போட்டோவும் எடுத்துக்கொண்டேன். பிறகு தெருக்கோடி மெக்கானிக் ஷெட்டில் பூஜைக்குக் கூப்பிட்டார்கள் என்று இருவரும் போனோம். பூசணிக்காய் உடைத்தார்கள், புளியோதரை கொடுத்தார்கள். எல்லோரிடமும் போட்டோவைக் காட்டினேன்.

ஒன்றேகால் மணிக்குத் திரும்பினோம். அறையில் சத்தமே இல்லை.

திரை உறைந்து கிடந்தது. ஓரத்துக் கடிகாரம் பதினொன்று ஐம்பத்திரண்டோடு நின்றிருந்தது. மாலையின் நுனியைக் கூலரின் ஃபேன் உள்ளே இழுத்திருக்கிறது. வாழை நார் இறக்கையில் சுற்றி இறுகி, இதழ்கள் தகடுகளுக்கு இடையில் நசுங்கி, ஃபேன் அசையாமல் நின்றுவிட்டது. காற்றுப் போகும் வழியைப் பற்றி ஒரு வாரம் பாடம் எடுத்தவன், அந்த வழியையே பூவால் அடைத்திருந்தேன்.

அவள் திட்டவில்லை. இடுக்கியை எடுத்து வந்து உட்கார்ந்து நாரைத் துண்டு துண்டாக உருவினாள். "குரங்கு கையில பூமாலைன்னு சொல்வாங்க. நீங்க கம்ப்யூட்டர் கழுத்துலயே போட்டுட்டீங்க," என்று மட்டும் சொன்னாள்.

மெஷின் உயிரோடுதான் இருந்தது. ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாகச் சேமிப்பது அவள் பழக்கம். ஆயிரத்து நூற்று அறுபது பத்திரமாக இருந்தன. இன்னும் ஆயிரம் பாக்கி.

"வேண்டாம் புள்ள, பழைய முப்பத்தாறுக்கே போயிடலாம்," என்றேன். ஒரு மணி நேரம் முன்பு ஊருக்கெல்லாம் போட்டோ காட்டியவன் நான்தான்.

"முப்பத்தாறுல ஆயிரம் படத்துக்கு இருபத்தோரு மணி நேரம் ஆகும். நாளைக்குப் பத்தரை. அதுக்குள்ள அங்க அந்த மூத்த பையன் ப்ளானுக்குப் பூஜை முடிஞ்சிருக்கும்."

"அப்ப நாப்பத்திநாலே வெப்போம். தப்பு மாலை மேலதானே, ப்ராசஸர் மேல இல்லையே."

அவள் மணை மேல் பொட்டு வைத்திருந்த பொருள்களுக்கு அடியிலிருந்து தன் நோட்டை உருவினாள். பூஜைக்கு வைத்ததை எடுக்க மாட்டாள், ஆனாலும் எடுத்தாள். கடைசிப் பக்கத்தில் பென்சிலில் கட்டம் போட்டிருந்தது. நாற்பது, அறுபத்திமூன்று, மழை, ஜன்னல் திறந்தது. நாற்பத்திரண்டு, எழுபத்திமூன்று. ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு மின்சாரம் என்பதும் இருந்தது. நாற்பத்திநாலுக்கு எதிரே, 'முதல் தடவை விழுந்தது' என்றும் எழுதியிருந்தாள். அது எனக்கே மறந்துபோயிருந்தது. நான் சமையலறையைப் பார்த்துக் கத்தியது ஒவ்வொன்றும் அங்கே இருந்தது. கேட்கவில்லை என்று நினைத்துத்தான் நான் அத்தனை சத்தமாகக் கத்தியிருந்தேன்.

நாற்பத்திரண்டைச் சுற்றி ஒரு வட்டம்.

அவளே உட்கார்ந்து மெஷினைத் திரும்பக் கிளப்பினாள். சரியான நேரத்தில் டெலீட் கீயைத் தட்டினாள், நேராக வேகத்தை மாற்றுகிற செட்டிங் பக்கத்துக்குப் போனாள், எண்ணை மாற்றினாள். யாரும் சொல்லிக்கொடுக்காமல். "நாப்பத்திநாலு உங்களுக்குப் புடிச்ச நம்பர்," என்றாள். "எனக்கு ஆயிரம் படம் வேணும்."

காலை ஏழு நாற்பதுக்குக் கடைசிப் படம் வந்தது. எழுபத்திநாலு டிகிரிக்கு மேல் ஒருமுறைகூட ஏறவில்லை. நான் அந்த அறையில் குதித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். பென் டிரைவைச் சட்டைப்பையில் போட்டுப் பட்டன் மாட்டிக்கொண்டு, எட்டரைக்குப் பைக்கை எடுத்தோம்.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருபது பேர் டி.வி. முன்னால் உட்கார்ந்து பார்த்தார்கள். படம் சமையலறைக்குள் நுழைந்து, கிழக்கு ஜன்னல் வெயில் மேடை மேல் விழுந்தபோது, அந்த வீட்டம்மா எழுந்து வந்து திரையில் அந்த ஜன்னலைத் தொட்டார். "சென்னாகிதெ," என்றார், நன்றாயிருக்கிறது என்று. திரும்ப ஒருமுறை போடச் சொன்னார். மூத்த மகன் தன் சுருளை நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு, இத்தனை படத்தை இவ்வளவு சீக்கிரம் எப்படிப் போட்டீர்கள் என்று கேட்டார்.

இதோ மாலைக் கதை வரப்போகிறது என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

என் மனைவி என்னைக் கைகாட்டி, "வேகம் எல்லாம் இவரோட வேலை," என்று கன்னடத்தில் சொன்னாள். அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, அதற்குப் பிறகு யாரிடமும் சொல்லவில்லை. அங்கேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெயில் காட்சியைப் பார்த்துத்தான் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள்.

மெஷின் இன்றும் நாற்பத்திரண்டில்தான் ஓடுகிறது. நாற்பத்திமூன்று நிச்சயம் தாங்கும் என்று நினைக்கிறேன். ஆனால் அவள் அந்த செட்டிங் பக்கத்துக்கு ஒரு பாஸ்வேர்டு போட்டுவிட்டாள், இதுவரை எனக்குச் சொல்லவில்லை.