தேசிக்காய் விட்டதும் திரண்ட பருப்பு

1. விரதத்தோடு ரப்பர் பால் வெட்டப் போன அம்மா, மதியம் வீட்டு வாசலில் மயங்கி விழுந்தார்.
2. சீக்கிரம் வேகுமென்று மைசூர்ப் பருப்பை அடுப்பில் வைத்தேன். விரதம் என்பதால் மாசிக் கருவாடு போடவில்லை.
3. இறக்கியதும், அடுப்படியில் இருந்த டம்ளரை எடுத்துத் தேங்காய்ப்பாலென்று ஊற்றினேன்.

அம்மாவின் கைகள் சில்லிட்டிருந்தன. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தோட்டத்து லொறியும் இல்லை; தெஹியோவிட்ட டவுனுக்குப் போயிருந்தது. அவரைத் தாங்கிப் பிடித்துக் கெஞ்சினேன்.

"ஒரு கரண்டி மட்டும் சாப்புடுங்கம்மா."

"வெளக்கு வைக்காம எப்புடிடி சாப்புடுறது?"

"உங்களுக்கு ஒன்னு ஆயிட்டா நான் என்னம்மா செய்வேன்?" அழுதுவிட்டேன்.

"சரி, அழுவாத. தேசிக்கா புழிஞ்சு குடு. வாயெல்லாம் கசக்குது."

எலுமிச்சையைப் பிழிந்து கலக்கினேன். பருப்பு திரண்டு, இழுபட்டு, கரண்டியில் ஒட்டிக்கொண்டது. ரப்பர் தொழிற்சாலை ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் எனக்கு உடனே புரிந்தது. புளிப்புப் பட்டதும் இப்படித் திரள்வது ரப்பர் பால். கூரைத் தகரத்தின் ஓட்டையை அடைக்க அம்மா கொண்டுவந்தது. உறையாமலிருக்க அமோனியா கலந்தவள் நான். கடும் சளியில் எனக்கு வாடையே தெரியவில்லை. தேங்காய்ப்பால் டம்ளர் பக்கத்தில் அப்படியே இருந்தது.

பருப்புக் கோப்பையைத் தள்ளிவிட்டு, சீனித் தண்ணீர் கொடுத்தேன். அம்மா மறுக்காமல் குடித்தார்.

"பேக்டரியில அடிக்கிற ரப்பர் சீட்டு பத்தாதுன்னு பருப்புலயும் சீட்டு அடிக்கிறியாடி?" என்றார்.

இப்போது ரப்பர் பாலை வீட்டுக்குள் எடுப்பதில்லை. விரத நாளில் அம்மா வேலைக்குப் போவதில்லை. கூரை இன்னும் ஒழுகுகிறது.